ஊர்ப் பணத்தில் ஊருக்கொரு தோட்டம்

“நகராட்சியில கேட்டா நம்ம வேலைக்குப் பணம் குடுப்பாங்களா?”

இயற்கை அங்காடி நடத்துகிறவர்கள், மாடித்தோட்டக் குழு வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் காய்கறி போட நினைக்கிற ஆசிரியர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. கொடுப்பார்களா மாட்டார்களா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். எப்படிக் கொடுத்தால் அந்தத் தோட்டம் நிலைக்கும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர்ப்பலகை வைத்து, திறப்புவிழா நடத்தி, படம் பிடித்து, அடுத்த கோடையில் தண்ணீர் விட ஆளில்லாமல் காய்ந்துபோன தோட்டங்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். பல இடங்களில் பணம் போதாமல் தோட்டம் காயவில்லை. பணம் வந்த வழிதான் சரியில்லை.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிற சியாட்டில் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். வேளாண்மை கற்றுக்கொள்ள நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு நகராட்சியிடமிருந்து உணவுக்கென்று மக்கள் பணம் வாங்கிய விதமும், வாங்கியதைக் காப்பாற்றிய விதமும் நமக்கு உதவும்.

முதலில் நிலம்

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சியாட்டிலின் பெரிய முதலாளியான போயிங் விமானக் கம்பெனி பல்லாயிரம் பேரை வேலையை விட்டு அனுப்பியது. ஊரே கலங்கிப்போன நேரம். நகரத்தின் ஓரத்தில் பிக்கார்டோ என்ற இத்தாலியக் குடும்பம் காய்கறி பயிரிட்டு வந்தது. அந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கேட்டு வாங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்காகக் காய்கறி போட்டார். 1973-ல் நகராட்சி அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தது. பிறகு விலைக்கே வாங்கிவிட்டது. பிக்கார்டோவின் முதல் எழுத்தை வைத்து இந்தத் தோட்டங்களுக்கு ‘பி-பேட்ச்’ என்று பெயர். இன்று நகரம் முழுக்கச் சுமார் 90 தோட்டங்கள் இருக்கின்றன.

விதிகள் எளிமையானவை. ரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ தோட்டத்துக்குள் வரக்கூடாது. பாத்திக்கு ஒரு சிறு கட்டணம். அதோடு ஆண்டுக்குச் சில மணி நேரம் பொதுவேலை செய்ய வேண்டும். இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கிற உணவு வங்கிகளுக்கு இந்தத் தோட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் பல டன் காய்கறி போகிறது.

ஆனால் நகரத்து நிலம் சும்மா இருக்குமா? விலை ஏற ஏற எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். 1990-களில் பிராட்னர் என்ற இடத்தில் மக்கள் பயிர் செய்துகொண்டிருந்த நகராட்சி நிலத்தை வீடு கட்ட விற்கத் திட்டம் போட்டார்கள். தோட்டக்காரர்களும் அந்தப் பகுதி மக்களும் சேர்ந்து ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினார்கள். அதன் விளைவாக 1997-ல் நகரமன்றம் ஒரு சட்டம் போட்டது. பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்கு எடுத்தால், அதே பகுதியில் அதற்கு ஈடான நிலம் கொடுத்தாக வேண்டும். பிராட்னர் தோட்டம் தப்பியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பணம் கேட்கும் முன் நிலத்துக்கு எழுத்து கேட்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று காகிதத்தில் இல்லாத நிலத்தில் மண்ணை வளமாக்குவது, வாடகை வீட்டுக்கு மாடி கட்டுவது மாதிரி.

வியர்வைக்கும் விலை உண்டு

1988-ல் சியாட்டில் நகராட்சி குடியிருப்புப் பகுதிகளுக்கென்று ஒரு ஈட்டு நிதி தொடங்கியது. மக்கள் ஒரு பங்கு போட்டால் நகராட்சி ஒரு பங்கு போடும். மக்களின் பங்கு ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மண்வெட்டி பிடித்த நேரம், கொடுத்த மரம், கல், கம்பி, படம் வரைந்து கொடுத்த பொறியாளரின் உழைப்பு எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

நம்ம கணக்கில் பார்ப்போம். 20 பேர், 10 ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு 4 மணி நேரம். மொத்தம் 800 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே 48,000 ரூபாய். கையில் காசில்லாத தெருவும் இந்தத் தொகையைப் ‘போட’ முடியும். பல பி-பேட்ச் தோட்டங்கள் இந்த நிதியில்தான் உருவாயின.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. 800 மணி நேரம் உழைக்க ஆள் சேராத ஊரில் தோட்டம் தொடங்கவே தொடங்காது. தொடங்கினால், தண்ணீர் விட ஆள் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒப்பந்தக்காரர் வேலி போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற தோட்டத்தில் இந்தச் சோதனை நடப்பதே இல்லை.

பணம் எந்தப் பையிலிருந்து?

2018 ஜனவரி 1 முதல் சியாட்டிலில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு வரி. ஒரு அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 30 மில்லிக்கு, 1.75 சென்ட். 2 லிட்டர் பாட்டிலுக்கு ஏறக்குறைய 1 டாலர் 18 சென்ட் வரும். கடைக்காரரிடம் வாங்காமல், சரக்கை இறக்குகிற விநியோகஸ்தரிடம் வாங்குகிறார்கள். தொடக்க ஆண்டுகளிலேயே வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வந்தது. உடம்பைக் கெடுக்கிற பொருளில் எடுத்து, உடம்புக்கு நல்ல உணவுக்கும் சின்னக் குழந்தைகளின் வளர்ப்புக்கும் கொடுப்பது என்பது ஏற்பாடு. எதற்குச் செலவிடலாம் என்று பரிந்துரைக்க 11 பேர் கொண்ட மக்கள் ஆலோசனைக் குழுவும் உண்டு.

இங்கேதான் ஒரு சூட்சுமம். புதுப் பணம் வந்ததும், ஏற்கெனவே பொதுநிதியில் நடந்துகொண்டிருந்த உணவுத் திட்டங்களுக்கு இந்தப் பணத்தைக் காட்டிவிட்டு, பழைய பணத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது! மக்கள் அமைப்புகள் சும்மா விடவில்லை. 2019-ல் நகரமன்றம் இந்த வரியைத் தனி நிதியாக வைக்கச் சட்டம் கொண்டுவந்தது. மேயர் அதை மறுத்துத் திருப்பி அனுப்பினார். மன்றம் மறுபடி வாக்கெடுத்து மேயரின் மறுப்பைத் தள்ளியது. குறைந்த வருமானக்காரர்கள், குடியேறிகள், அகதிகள் நடத்துகிற உணவுத் திட்டங்களுக்கு மானியம் கொடுக்கிற உணவுச் சமத்துவ நிதிக்கு இந்த வரிப்பணம்தான் அடிப்படை.

குளிர்பானக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2018 நவம்பரில் அந்த மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, வேறு எந்த ஊரும் இப்படிப் புது வரி போட முடியாதபடி சட்டம் கொண்டுவந்துவிட்டன. முந்திக்கொண்ட சியாட்டில் தப்பித்தது.

விளைவிக்கிறவருக்கு என்ன கிடைத்தது?

நம்மைப் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. தோட்டத்துக்கு மட்டும் பணம் கொடுத்தால் உழவருக்கு வயிறு நிறையாது. சியாட்டில் 2012-ல் ‘ஃபிரெஷ் பக்ஸ்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. அரசு உணவு உதவி வாங்குகிற ஏழைக் குடும்பம் உழவர் சந்தைக்கு வந்து காய்கறி வாங்கினால், அது செலவழிக்கிற தொகைக்கு ஈடாக நகராட்சியும் போடும். பின்னாளில் அதை மாதாமாதம் கொடுக்கிற தொகையாக மாற்றி, பல கடைகளுக்கும் விரித்தார்கள். ஏழை வீட்டுக்கு நல்ல காய்கறி, உழவருக்கு விற்பனை. விளைவித்தவரை விலை குறைக்கச் சொல்லாமலே ஏழையின் தட்டுக்கு நல்ல உணவு போகிறது. ‘இயற்கை விளைபொருள் பணக்காரங்களுக்குத்தான்’ என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊரில் எதைக் கேட்கலாம்?

இதையெல்லாம் அப்படியே இங்கே நட முடியாது. இப்படிப் பானங்களுக்கு வரி போடுகிற அதிகாரமெல்லாம் நம்ம நகராட்சி கையில் இல்லை. ஆனால் கேட்பதற்குச் சில வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஒன்று, நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பூங்கா என்று பலகை மட்டும் நிற்கிற இடங்கள் எத்தனை! அதில் ஒரு மூலையைக் கீரைக்கும் காய்க்கும் விடச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு, பங்கு. நமக்கு நாமே திட்டம் நமக்குப் புதிதல்ல. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். உழைத்த நேரத்தையும் அந்தப் பங்கில் சேர்க்க வேண்டும் என்று நாம் கோரிக்கை வைக்கலாம். அதற்கு இப்போதே ஒரு நோட்டுப் போட்டு, யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று எழுதத் தொடங்குங்கள். அந்த நோட்டுதான் நாளைக்குச் சாட்சி.

மூன்று, பேசுகிற இடம். நகரங்களில் வார்டுக்குள் பகுதி சபைகள் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று சபைகள் கூடின. சாலை, சாக்கடை, தெருவிளக்கு பற்றிப் பேசுகிறோம். உணவைப் பற்றி யார் பேசுவது? நகரத்து நண்பர்கள் அங்கே போய்க் கேட்கட்டும். கிராமத்து உழவர்கள், தங்களிடம் காய்கறி வாங்குகிற நகரத்துக் குடும்பங்களைக் கேட்கச் சொல்லட்டும்.

கேட்கும்போது மூன்று வரியை மனுவில் மறக்காமல் எழுதுங்கள்: நிலம் எத்தனை வருஷத்துக்கு, பணம் எந்த நிதியிலிருந்து, செலவை முடிவு செய்கிற குழுவில் விளைவிக்கிறவர் எத்தனை பேர். இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு வேலி போடலாம்.