மாரியூர் உப்புத் தண்ணீரும் மரபணுப் பாடமும்

ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் மாரியூர். சித்ரா பௌர்ணமிக்குப் பூவேந்தியநாதர் கோயிலில் நடக்கும் வலைவீசும் படலத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள். மற்றபடி இந்த ஊரின் பெயர் வெளியே அடிபடுவது உப்பால்தான். 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் மாரியூர் – வாலிநோக்கம் பகுதியில் 5,000 ஏக்கருக்கும் மேலாகப் பரந்து கிடக்கிறது.

உப்பளத்து ஆட்கள் தண்ணீரின் உப்புச் செறிவை டிகிரி கணக்கில் பேசுவார்கள். கடல்நீர் மூன்று டிகிரி சொச்சம். தேக்கி வைத்து வெயிலில் காயவிட்டால் டிகிரி ஏறிக்கொண்டே போகும். 24-ஐத் தொட்டதும் பாத்தியில் உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30 என்று போனால் கசப்பு சேர்ந்துவிடும். மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டத்தில், வெயில் உக்கிரமான மாதங்களில், உலகத்தின் எந்த வெயில் உப்பளமானாலும் தண்ணீருக்கு ஒரு நிறம் வரும். முதலில் இளஞ்சிவப்பு, பிறகு செங்கல் சிவப்பு.

அந்தச் சிவப்பு, மண்ணில் இருந்து வருவதில்லை. உயிர்கள் கொடுக்கும் நிறம் அது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பாத்தி நீரில் 300 கிராமைத் தாண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் கெடாமல் காக்கும் அளவுக்குக் கொடிய உப்பு. அதில், ஒரு மில்லிலிட்டருக்குக் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள் சுகமாக வாழ்கின்றன. தண்ணீர் சிவந்தால் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் வற்றும் என்பதால், உப்பு விளைச்சலுக்கும் இவை துணை.

பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. பாடத்தை நம் பிள்ளைகள் நீட் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த எழுத்துகள் ஓர் உயிருக்கு என்ன செய்கின்றன என்று கேட்டால் பலர் தடுமாறிவிடுகிறார்கள். கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பிள்ளைகளுக்காவது இந்தப் பாடத்தை உப்பளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மரபணு அறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் சில, உண்மையிலேயே இதுபோன்ற உப்புத் தண்ணீர் உயிர்களிடமிருந்துதான் கிடைத்தன.

முதல் கேள்வி: உப்பில் இவை எப்படிச் சாகாமல் இருக்கின்றன? உப்பு, சாதாரண உயிரணுவிலிருந்து நீரை இழுத்துவிடும். இந்த நுண்ணுயிர்களில் ஹாலோபாக்டீரியம் போன்றவை அதைச் சமாளிக்கத் தமக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை வெளியே இருக்கும் அளவுக்கு நிரப்பிக்கொள்கின்றன. ஆனால் அவ்வளவு உப்பில் நம் உடம்புப் புரதங்களைப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பயனற்றுப் போகும். இவற்றின் புரதங்கள் அப்படித் திரளாததற்குக் காரணம், அவற்றின் மேற்பரப்பு முழுவதும் அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் நிறைந்திருப்பது. எதிர் மின்னூட்டம் கொண்ட இவை, உப்போடு போட்டியிட்டு நீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

எந்த அமினோ அமிலம் எத்தனையாவது இடத்தில் வரவேண்டும் என்பதை யார் சொல்வது? டி.என்.ஏ. சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த இரண்டு நீண்ட இழைகள். அவற்றின் உட்புறம் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு காரங்கள். மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்துக்கான கட்டளை. ஜிஏடி, ஜிஏசி என்றால் அஸ்பார்டிக். ஜிஏஏ, ஜிஏஜி என்றால் குளுட்டாமிக். உப்பளத்து உயிர்களின் மரபணுக்களில் 'ஜிஏ' என்று தொடங்கும் சொற்கள் மலிந்து கிடப்பதன் பொருள் இதுதான். உப்பைத் தாங்கும் வல்லமை அந்த எழுத்துகளில் இருக்கிறது.

இதே ஜிஏஜி என்ற சொல்லை நம் ரத்தத்திலும் பார்க்கலாம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது சொல் அது. நடுவில் உள்ள ஏ, டி ஆகி ஜிடிஜி என்று மாறினால் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலைன் வந்து உட்காரும். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்து சேர்ந்தால், சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடுகிற நோய் வரும். இந்தியாவில் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல். முந்நூறு கோடி எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து பிசகியதற்கு ஆயுள் முழுக்க வலி.

டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். பாதி வாழைப்பழத்தை நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பும் பாத்திரம் விளக்கும் திரவம் சில சொட்டும் விட்டு, நுரை வராமல் கலக்கி, அதைப் பழக்கூழில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஃப்ரீசரில் குளிரவைத்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை டம்ளரின் ஓரமாக மெல்லச் சரித்து ஊற்ற வேண்டும். ஸ்பிரிட் மேலே மிதக்கும். இரண்டும் சந்திக்கிற கோட்டில் முதலில் ஒரு மங்கல் தெரியும். பிறகு வெள்ளை இழைகள் சுருண்டு மேலே எழும். ஈர்க்குச்சியால் சுற்றினால் சளி போல ஒட்டிக்கொண்டு வரும். அதில் ஆர்.என்.ஏ.வும் கொஞ்சம் புரதமும் கலந்திருக்கும் என்றாலும், கையில் இருப்பது வாழையின் மரபுப் பொருள்தான்.

இதில் உப்புக்கு என்ன வேலை என்பதுதான் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி. சோப்பு, உயிரணுவின் கொழுப்புச் சவ்வை உடைக்கிறது. டி.என்.ஏ. இழையின் பாஸ்பேட்டுகள் எல்லாம் எதிர் மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். உப்பிலிருந்து வரும் சோடியம் அந்த மின்னூட்டத்தை அடக்கி இழைகளை நெருங்கவிடுகிறது. ஸ்பிரிட் வந்து சேர்ந்ததும் அவை கரைசலில் நிற்க முடியாமல் பிரிந்து வெளியேறும். 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்துக் கோட்டைச் சமையலறையில் இருந்த ஆய்வகத்தில், ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளம் மருத்துவர் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிகளின் சீழை ஓர் உப்புக் கரைசலில் அலசி, அதன் வெள்ளணுக்களிலிருந்து இந்தப் பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். அந்தப் பொருளின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவர 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாட்சன், கிரிக் இருவர் பெயரோடு, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும் சேர்த்துச் சொல்லாமல் எந்த ஆசிரியரும் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது.

டி.என்.ஏ. தன் இடத்தை விட்டு அசையாது. தேவைப்படும் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு போவது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. தைமினுக்குப் பதில் யுராசில். அந்தப் படியை வாசித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் இடம் ரைபோசோம். அந்த ரைபோசோமே பாதிக்கு மேல் ஆர்.என்.ஏ.வால் ஆனது. எல்லா உயிரிலும் ரைபோசோம் உண்டு என்பதால், அதன் ஆர்.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையைக் கணிக்க முடியும் என்று நம்பி வேலை செய்தவர் அமெரிக்காவின் கார்ல் வோஸ். 1977-இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் பாக்டீரியா என்று எண்ணப்பட்டிருந்த சில உயிர்கள் பாக்டீரியாவே அல்ல, தனிக் குலம் என்று அறிவித்தார்கள். அந்த ஆர்க்கியா குலத்தில் உப்பு விரும்பிகளும் விரைவிலேயே சேர்ந்தன. பாத்தியில் மிதக்கிற சிவப்பு உயிர், பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய சொந்தம் என்பது அந்த ஆய்வின் வழி வந்த முடிவு. இந்தக் குலத்தில் ஹாலோகுவாட்ரேட்டம் என்று ஒன்று இருக்கிறது. உப்பளப் பாத்தியைப் போலவே தட்டையான சதுரம்.

ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டதற்காக 2009-இல் மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அவர்களில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர் என்று தமிழ்நாடே கொண்டாடியது. அவருடைய பங்கு, ரைபோசோமின் சிறிய பாகம். பெரிய பாகத்தைப் படம்பிடித்த தாமஸ் ஸ்டைட்ஸ் குழு அதை எடுத்தது சாக்கடலின் உப்பு விரும்பி ஒன்றிலிருந்து. அமினோ அமிலங்களைக் கோக்கிற வேலையைச் செய்வது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ.தான் என்று காட்டிக்கொடுத்தது அந்த உப்பு உயிர். ஹர் கோபிந்த் குரானாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றெழுத்துச் சொற்களின் பொருளை உடைத்ததற்காக 1968-இல் நோபல் பெற்றவர் அவர். பிறகு பல ஆண்டுகள் ஆராய்ந்தது, ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில் இருக்கும் பாக்டீரியோரொடாப்சின் என்ற ஊதா நிறப் புரதத்தை. வெயிலை நேரடியாக ஆற்றலாக மாற்றும் புரதம் அது.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர், நோபல் பரிசு கிடைக்காத பிரான்சிஸ்கோ மொஜிகா. ஸ்பெயின் நாட்டு அலிகான்டே பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது கொடுக்கப்பட்ட வேலை எளிமையானது. அருகில் இருந்த சாந்தா போலா உப்பளத்தின் ஹாலோஃபெராக்ஸ் என்ற ஆர்க்கியா, உப்பு ஏறி இறங்கும்போது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டு வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். முப்பது எழுத்து கொண்ட ஒரே வரி, சீரான இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தது. 1993-இல் அதை வெளியிட்டார். காரணம் விளங்கவில்லை. கையில் பணமும் அதிகம் இல்லாமல், அதை விடாமல் துரத்தினார்.

பத்தாண்டு கழித்து 2003-இல், அந்த வரிகளுக்கு இடையில் இருந்த எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டபோது விடை வந்தது. இடையில் இருந்தவை, நுண்ணுயிரைத் தாக்கும் வைரஸ்களின் எழுத்துகள். ஒருமுறை தாக்கிய எதிரியின் அடையாளத்தை மரபிலேயே எழுதி வைத்திருந்தன அந்த உயிர்கள். ஒரு நுண்ணுயிருக்கு இப்படி ஒரு நோய் எதிர்ப்பு நினைவு இருக்க முடியும் என்று பெரிய ஆய்விதழ்கள் நம்பவில்லை; கட்டுரை திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டு 2005-இல்தான் அச்சேறியது. திரும்பத் திரும்ப வரும் அந்த வரிகளுக்குக் கிரிஸ்பர் என்ற பெயரும் அவர் யோசனைதான். அந்த அடையாளத்தை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்து, அது வழிகாட்ட ஒரு புரதம் போய் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் என்பதை, விரும்பிய இடத்தில் வெட்டப் பயன்படும் கருவியாக்கிக் காட்டினார்கள் ஜெனிஃபர் டவுட்னாவும் எமானுவேல் ஷார்பாந்தியேயும், 2012-இல். 2020-இல் நோபல் அவர்கள் இருவருக்கும். 2023-இல் அரிவாள் செல் நோய்க்கான முதல் கிரிஸ்பர் சிகிச்சைக்கு பிரிட்டன் அனுமதி கொடுத்தது. பிசகிய அந்த ஒற்றை எழுத்தை அது திருத்துவதில்லை. பிறந்த பின் அணைந்துபோகும் கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் இயங்கவைக்கிறது. ஓர் உப்பளத்துத் தண்ணீர் எவ்வளவு தூரம் வந்துவிட்டது, பாருங்கள்.

ராமநாதபுரத்துக்கு இதில் நேரடியான அக்கறையும் உண்டு. இங்கே உப்பு, பாத்தியோடு நிற்பதில்லை. வயலிலும் கிணற்றிலும் ஏறியிருக்கிறது. அதைத் தாங்கும் நெல்லை நம் முன்னோர் எழுத்துத் தெரியாமலே தேர்ந்தெடுத்தார்கள். குழியடிச்சான் போன்ற ரகங்கள் அப்படி வந்தவை. கேரளத்தின் பொக்காளி நெல்லில் உப்பைத் தாங்கும் பகுதி ஒன்றாவது குரோமோசோமில் இருப்பது தெரிந்து, அதைப் பல ரகங்களுக்குக் கலப்பு மூலம் கடத்தியிருக்கிறார்கள். நம் கடற்கரையில் வளரும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லுக்குக் கொண்டுபோகும் ஆய்வை, சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிதா குழுவினர் நடத்தினார்கள். 2025 மே மாதம், கிரிஸ்பர் மூலம் டிஎஸ்டி என்ற மரபணுவை மாற்றிய 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1' என்ற நெல்லை மத்திய அரசு அறிவித்தது. வறட்சியையும் உவரையும் தாங்கும் என்கிறார்கள். அதன் களச் சோதனை முடிவுகள் பற்றி எதிர்ப்பாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சில் மறுக்கிறது.

இந்த வழக்கைத் தீர்க்க டெல்லி வரை போக வேண்டாம். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குழியடிச்சான் ஒரு பாத்தி, புதிய நெல் ஒரு பாத்தி என்று ஒரே உவர் மண்ணில் அடுத்தடுத்து விதைத்து, கடலாடி வட்டாரத்து விவசாயிகள் கண் முன்னால் அறுத்து எடை போடட்டும். இரண்டின் டிஎஸ்டி மரபணு எழுத்துகளையும் பக்கம் பக்கமாக அச்சடித்து, எந்த எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை சாயல்குடிப் பிள்ளைகளிடம் கொடுக்கட்டும்.