உங்களுக்குத் தெரியுமா? பிணை வைத்தவருக்கே ஒப்பமிடும் உரிமை!

அஸ்தம்பட்டியில் சீட்டு எடுப்பவரிடம் ஜாமீன் கேட்பார்கள் அல்லவா? எத்தீரியம் பிளாக்செயின் என்ற பொது மின்பதிவேட்டின் காவலும் அப்படித்தான். பதிவுகளைச் சரிபார்க்க விரும்புபவர் குறைந்தது 32 ஈதர் நாணயங்களைப் பிணையாகப் பூட்டிவைக்க வேண்டும். ஒரே சுற்றில் முரணான இரண்டு பதிவுகளுக்கு ஒப்பமிட்டுப் பிடிபட்டால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும், ஆளும் வெளியேற்றப்படுவார். மொத்தப் பிணையில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்று உறுதியான பதிவைப் புரட்ட நினைப்பவர்கள், அந்த மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இழக்கத் துணிய வேண்டும். இத்தனைக்கும் மேலே ஓர் அதிகாரி கிடையாது; அதுதான் இதில் வியப்பு! 2022 செப்டம்பர் 15 அன்று இம்முறைக்கு மாறியதும் எத்தீரியத்தின் மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

இந்தியர்கள் 2017இல் தொடங்கிய பாலிகான் பிளாக்செயின் வலையமைப்பும் பிணை முறையில்தான் இயங்குகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், ஏட்டப்பள்ளி மக்களின் சாதிச் சான்றிதழ்களைப் போலியிலிருந்து காக்க 2022இல் அதையே பயன்படுத்தினார்கள்.