நீர் கட்டும் மீத்தேன் கூண்டு

2010 மே மாதம், மெக்ஸிகோ வளைகுடாவில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் பீறிட்ட எண்ணெயைப் பிடிக்க, கசிவின் மேல் பெரிய எஃகுக் கவிகையொன்றை இறக்கினார்கள். பனிக்கட்டி போன்ற வெண்திரள் உள்ளே சேர்ந்து வாயை அடைத்தது. முயற்சி கைவிடப்பட்டது. இத்தனைக்கும் அங்கிருந்த கடல்நீர் உறைநிலைக்கு மேலேதான் இருந்தது.

அந்தத் திரளின் பெயர் வாயு ஹைட்ரேட். குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் நீர் மூலக்கூறுகள் கூண்டுகளாக அமைந்து மீத்தேனை உள்ளே வைத்துக்கொள்கின்றன. நீருக்கும் மீத்தேனுக்கும் வேதிப்பிணைப்பு கிடையாது. ஆனாலும் மீத்தேன் இல்லாவிட்டால் கூண்டு நிற்காது. 4 டிகிரி செல்சியஸில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 40 மடங்கு இருந்தால் போதும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் கலைந்தால் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு வெளிவரும்.

ஆய்வாளர்களை அலைக்கழிப்பது அதன் பிறப்பு. அழுத்தக் கலத்தில் நீரையும் மீத்தேனையும் அடைத்துக் குளிரவைத்தால் உடனே ஒன்றும் நடப்பதில்லை. ஒருமுறை சில நிமிடங்களில் படிகம் தோன்றும். அதே கலத்தில் அதே அழுத்தத்தில் மறுமுறை பல மணி நேரம் ஆகும். முதல் படிகக் கரு எப்போது உருவாகும் என்பது தற்செயல். உருவானதும் வெப்பம் வெளிப்படும். நீர் வாயுவை இழுத்துக்கொள்வதால் அழுத்தமானி இறங்கத் தொடங்கும். நீரும் வாயுவும் சந்திக்கும் பரப்பில் படியும் மெல்லிய ஏடு மேற்கொண்டு வாயுவை உள்ளே விடாது என்பதால் விடாமல் கலக்கவும் வேண்டும்.

இதைவிட வியப்பானது ‘நினைவு விளைவு’. ஹைட்ரேட் உருகிக் கிடைத்த நீரை மறுபடி குளிர்வித்தால் பெரும்பாலும் முன்னைவிட விரைவில் கூண்டு கட்டும். நன்றாகச் சூடாக்கினால் அந்த வேகம் போய்விடும். உடைந்த கூண்டுகளின் மிச்சமே காரணம் என்பார் சிலர். நீரில் தங்கிய நுண்ணிய வாயுக் குமிழ்கள் என்பார் வேறு சிலர். நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள் பிக்கோ விநாடிகளில் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே குமிழ் விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

கலைவதும் நேர்வழியில் நடப்பதில்லை. கலையும்போது ஹைட்ரேட் சுற்றிலுமிருந்து வெப்பத்தை உறிஞ்சித் தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. விடுபட்ட நீர் பனியாக உறைந்து மீதிக் கூண்டுகளை மூடிக் காப்பதும் உண்டு.

எரிவாயுக் குழாய்களைப் பேணுவோருக்கு இது உயிர்ப் பிரச்சினை. குழாய்களை அடைப்பது வெறும் பனியல்ல, ஹைட்ரேட் என்று 1934-இல் ஹேமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் காட்டினார். அடைப்பை நீக்க ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால், சுவரிலிருந்து பிடிவிட்ட கட்டி துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து குழாயையே பிளக்கக்கூடும். அதனால் இரு பக்கமும் அழுத்தத்தை மெதுவாக இறக்கி, நாள் கணக்கில் ஆனாலும் பொறுத்திருப்பார்கள்.