பிள்ளை முதுகில் கூன்! மருந்து முடிந்தாலும் எக்ஸ்ரே முடியக் கூடாது

கொடுமுடி,

"புத்தக மூட்டை தூக்கறானுங்க, அதான் முதுகு வலி!"

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை முதுகைப் பிடித்துக் கொண்டு வந்தால், வீட்டில் சொல்வது இதுதான். தைலம் தேய்ப்பார்கள். சுளுக்கு எடுப்பார்கள். மாதம் ஓடிவிடும்.

வலி வாரக்கணக்கில் நீடித்தால் தைலத்தை நம்பி உட்காரக் கூடாது. முதுகெலும்பு டி.பி.யாக இருக்கலாம்!

இருமலே இருக்காது

டி.பி. என்றால் நெஞ்சு, இருமல் என்றுதான் நினைப்போம். அந்தக் கிருமி ரத்தத்தோடு போய் எலும்பிலும் உட்காரும். அதிகம் தாக்குவது முதுகெலும்பை. அடுத்தது இடுப்பு மூட்டு.

ராத்திரி வலியால் விழித்து அழுவது, சாயந்திரக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, கீழே கிடக்கும் பந்தை முதுகு வளைக்காமல் குந்தி எடுப்பது, நொண்டி நடப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். கால் மரத்தாலோ தளர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எலும்பு அரித்திருப்பதை எக்ஸ்ரே காட்டும். ஆனால் நன்றாகக் கரைந்த பிறகுதான் காட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதற்கு முன்பே கண்டுபிடித்து விடும். சீழ் தண்டுவடத்தை அமுக்குகிறதா என்பதும் தெரியும். ஆகவே, "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்ற பிறகும் வலி நிற்காவிட்டால், மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

குணமான பிறகும் வளரும் கூன்

இனிதான் முக்கியமான விஷயம்.

கோவை கங்கா ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற 61 குழந்தைகளை 15 வருஷம் எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தார். முடிவு 2001-ல் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவ இதழில் வந்தது.

நோய் குணமான பிறகு நூற்றுக்கு 44 பங்கில் கூன் தானாகவே குறைந்தது. 17 பங்கில் பெரிய மாற்றம் இல்லை. மீதி 39 பங்கில் கூன் வளர்ந்து கொண்டே போனது! கிருமி செத்துவிட்டது, பிள்ளை வளர வளர எலும்பும் வளைந்தே வளர்ந்தது.

யாருக்கு வளரும் என்று முன்கூட்டியே சொல்ல எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்களையும் அவர் காட்டினார். முதுகெலும்பின் பின்பக்க மூட்டு விலகுவது. அரித்த எலும்பு பின்னால் தள்ளுவது. மேல் எலும்பு பக்கவாட்டில் நகர்வது. மேல் எலும்பு முன்பக்கம் கவிழ்வது. இதில் இரண்டுக்கு மேல் இருந்தால் கூன் மோசமாகும் ஆபத்து அதிகம். அப்போதே ஆபரேஷன் பற்றி முடிவு எடுக்கலாம். கூன் முற்றிய பிறகு நிமிர்த்துவது பெரிய, ஆபத்தான ஆபரேஷன்.

எங்கே போவது?

கொடுமுடியில் ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் ஈரோடு அரசு தலைமை ஆஸ்பத்திரி. அந்தக் காலத்தில் டி.பி. சானடோரியம் இருந்த பெருந்துறையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. டி.பி. மருந்து அரசில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயில் இருந்து 1,000 ஆக உயர்ந்தது.

முதுகெலும்பு டி.பி.க்குச் சுமார் ஒரு வருஷம் மருந்து சாப்பிட வேண்டும். "வலி போச்சுங்க" என்று நடுவில் நிறுத்தக் கூடாது. மருந்து முடிந்ததும் பழைய எக்ஸ்ரே படங்களைப் பரணில் போட்டு விடாதீர்கள். பிள்ளை வளர்ந்து முடியும் வரை, டாக்டர் சொல்லும் தேதியில் புதுப்படம் எடுத்துப் பழசோடு ஒப்பிட வேண்டும்.