கடலோரக் கட்டுமானங்களில் எஃகும் கற்காரையும்: பண்புப் பொருத்தமும் அரிப்பும்

கற்காரை அமுக்கவிசையை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விரிசலுறும். அதன் இழுவலிமை அமுக்கவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இக்குறையை நிறைவு செய்யவே எஃகுக் கம்பிகள் அதனுள் பதிக்கப்படுகின்றன. வெப்பத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் அவற்றின் பிணைப்பு நெகிழ்வதில்லை.

இப்பொருத்தம் வேதியியல் சார்ந்ததுமாகும். சிமெண்ட் நீருடன் வினைபுரிகையில் உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, கற்காரையின் பி.எச். மதிப்பை 12.5 அளவில் நிறுத்துகிறது. அக்காரச் சூழலில் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. கடற்காற்றும் கடல்நீரும் கொணரும் குளோரைடு அயனிகள் நுண்துளைகளின் வழியே கம்பியை அடைந்து அப்படலத்தைச் சிதைக்கின்றன. துரு, அது தோன்றிய இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்குவரை இடங்கொள்வது. அவ்வழுத்தத்தால் மேலுள்ள கற்காரை பிளந்து உதிர்கிறது. பிளவு புலப்படும் வேளையில் உள்ளே அரிப்பு முதிர்ந்திருக்கும்.

எனவே கம்பியை மூடும் கற்காரையின் தடிமனும் செறிவுமே அதற்குக் காப்பு. ஐ.எஸ். 456 : 2000 என்னும் இந்தியத் தர நெறிமுறை, கடுமையற்ற சூழலில் 20 மி.மீ. மூடுதடிமனைக் குறிக்கிறது, கடலோரச் சூழலில் 45, கடல்நீர்த் திவலை படுமிடத்தில் 50, ஓதம் ஏறியிறங்கும் பகுதியில் 75 மி.மீ. எனக் கூட்டுகிறது. நீர்-சிமெண்ட் விகிதத்தின் உச்சவரம்பையோ 0.55-இலிருந்து படிப்படியாக 0.40-ஆகக் குறைக்கிறது, வினையில் பங்குகொள்ளாத நீர் நுண்துளைகளை விட்டுச்செல்வதே காரணம். கலவையை இளக்குவதற்காகப் பணியிடத்தில் மிகையாகச் சேர்க்கப்படும் நீர், குளோரைடு புகும் வழியை அகலமாக்குகிறது. ஆகவே கடலோரக் கட்டுமானத்தின் ஆயுளைக் கணிக்கையில், வலிமையோடு ஊடுபுகவிடாத் தன்மையையும் பொருளின் அடிப்படைப் பண்பாகக் கொள்ளுதல் வேண்டும்.