காட்டுக்குள் ஓர் ஏரி: நடையும் எழுத்தும்

‘மலையேறி ஏரிக்கரையில் முகாமிட்ட அனுபவம்’ என்று தலைப்புக் கொடுத்தால் போதும், நம் மாணவர்களின் தாளில் உடனே தாமரை மலரும், அன்னம் நீந்தும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வளரும் பிள்ளை அன்னத்தை எங்கே பார்த்தது? நம் பக்கத்து ஏரியை யாராவது கூட்டிப்போய்க் காட்டினால் இந்த அன்னம் தானாகப் பறந்துவிடும்.

அந்த ஏரி தூரத்தில் இல்லை. ஷா ஆலமில் உள்ள தேசியத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1986இல் புக்கிட் சஹாயா விவசாயப் பூங்காவாகத் தொடங்கிய இடம். பரப்பு 817 ஹெக்டர். புக்கிட் செராக்கா காட்டின் குன்றுகளுக்கு நடுவே சுங்கை பாரு, ஆயர் கூனிங், சாப்பு தாங்ஙான் என்று மூன்று நீர்நிலைகள். கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் போகும் கொமுட்டர் ஏறினால் ஷா ஆலம் நிலையம். அங்கிருந்து காரில் போய்விடலாம். உள்ளே தார்ச்சாலையும் உண்டு, காட்டுப் பாதையும் உண்டு. மலையேறிப் பழகாதவர்களுக்கும் ஏற்ற நடை. திறந்திருக்கும் நாள், கட்டணம், முகாம் இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்க.

கரையில் நின்றதும் மாணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இது ஏரியா, குளமா, சுனையா?

சுனை என்பது மலைப்பாறையில் ஊறி நிற்கும் நீர். குறிஞ்சித் திணையின் கருப்பொருளில் அருவிநீரும் சுனைநீரும் வருவதை இலக்கிய மாணவர்கள் படித்திருப்பார்கள். இங்கே இருப்பது அதுவல்ல. ஓடையை மறித்து அணை கட்டித் தேக்கிய நீர். தமிழ்நாட்டில் ஏரி என்பதே பெரும்பாலும் இப்படிக் கரைபோட்டுத் தேக்கியதுதான். மதகு வழியாக வயலுக்கு நீர் போகும். மிகுந்தது கலங்கல் வழியாக வழியும். ஆகவே ‘ஏரி’ என்று எழுதினாலும் ‘நீர்த்தேக்கம்’ என்று எழுதினாலும் சரி. ‘மலைச்சுனை’ என்று எழுதினால் பொருள் பிழை. மலாயில் எல்லாவற்றுக்கும் தாசேக் என்று சொல்லிப் பழகியதால் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு மங்கிப்போய்விட்டது.

விவாதக் கட்டுரைக்கும் இந்தக் காட்டில் விஷயம் இருக்கிறது. புக்கிட் செராக்கா நிரந்தர வனத்தில் 406.22 ஹெக்டர் வனத்தகுதியை இழப்பதாக 2022 மே மாதம் சிலாங்கூர் அரசாங்கப் பதிவேட்டில் வெளிவந்தது. பூங்காவின் பரப்பில் ஏறக்குறைய பாதி அளவு! நடைமுறைக்கு வரும் தேதியோ 2000 நவம்பர் 20. வனத்தகுதியை நீக்குமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற விதி சிலாங்கூரில் அதற்குப் பிறகு வந்தது. எதிர்ப்பு எழுந்ததற்கு அந்தப் பின்தேதியும் ஒரு காரணம். ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று ஆயிரம் பேர் எழுதும்போது, இந்த எண்ணையும் தேதியையும் சொல்லி வாதாடும் மாணவரின் கட்டுரை தனியாகத் தெரியும்.

முகாம் பற்றிச் சில வார்த்தை. அனுமதித்த இடத்தில் மட்டும்தான் கூடாரம் அடிக்கணும். செத்தியா ஆலம் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் பகலில் நடந்துவிட்டு வந்திடுங்க; மாணவர்களோடு அங்கே இரவு தங்க வேண்டாம். பெற்றோர் கடிதம், பள்ளி அனுமதி இரண்டும் கையில் இருக்கட்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். காலையிலேயே நடையைத் தொடங்குங்கள். காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் ஏரி நீரில் இறங்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருக்கும் கிருமி அந்த வழியாக உடம்புக்குள் போகலாம். ஓரிரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம். அப்போது மருத்துவரிடம் ‘காட்டுக்குப் போனோம்’ என்று மறக்காமல் சொல்லச் சொல்லுங்க. குரங்குகளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். ரொட்டிப் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

திரும்புமுன் கரையில் உட்காரவைத்து ஒரு பயிற்சி கொடுக்கலாம். எண்பது சொற்களில் ஒரு பத்தி. ‘அழகான’, ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘இயற்கை அன்னை’ மூன்றுக்கும் தடை. தண்ணீரின் நிறம் என்ன? கரையோரம் என்ன மிதக்கிறது? எந்தப் பக்கமிருந்து எந்தச் சத்தம் வருகிறது? பெயர் தெரியாத மரம் என்றால் இலையின் வடிவத்தை எழுதட்டும். முதல் ஐந்து நிமிடம் பேனா நகராது. காத்திருங்கள்.