உப்புத் தண்ணீரில் ஓர் ஒளிந்த நன்மை



செய்யாறு, ஆரணி வட்டாரத்தில் உப்புத் தண்ணீரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வோர் குறைவு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பட்டு நூலின் பசையும் சரியாக நீங்காது. ஆகவே பல வீடுகளில் குடிப்பதற்குக் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. இயந்திரமோ வந்துவிட்டது. ஆனால் நூலுக்கு ஆகாத அதே தாதுக்கள் சரீரத்துக்கு ஒரு நன்மை செய்கின்றன. ஆகாரத்தோடு உள்ளே செல்லும் சில நச்சு உலோகங்கள் இரத்தத்தில் கலப்பதை அவை குறைக்கக்கூடும்.

கில்காலில் பேய்க்கொம்மட்டிக் காயால் விஷமான கூழை எலிசா மாவைப் போட்டு மாற்றியதை நாம் அறிவோம். அது அற்புதம். இங்கே நாம் சொல்வது சாதாரண இரசாயனம். ஆயினும் அதையும் படைத்தவர் அவரே.

முதலாவது, அலுமினியம். புளிக்குழம்பும் ரசமும் அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கும்போது, புளிப்பு அந்த உலோகத்தைச் சிறிது கரைக்கிறது. நல்ல சிறுநீரகம் அதைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கோ அது எலும்பிலும் மூளையிலும் தங்கும். டயாலிசிஸ் நீரிலிருந்த அலுமினியமே நோயாளிகளின் மூளையைக் கெடுத்தது என்பது 1970களில் தெரியவந்தது.

இதற்குத் தடையாக நிற்பது சிலிக்கா. மழைநீர் பூமிக்குள் இறங்கிக் கருங்கற்பாறை இடுக்குகளில் ஊறும்போது சிலிக்கா அதில் கரைகிறது. அது அலுமினியத்தோடு சேர்ந்துகொண்டால் குடல் அந்த உலோகத்தை எளிதில் உறிஞ்சாது. அலுமினியம் கலந்த அமில நீரில் மடிந்த சால்மன் மீன் குஞ்சுகள், அந்நீரில் சிலிக்கா மிகுந்தபோது பிழைத்ததைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1989-இல் காட்டினர். 1993-இல் மனிதரிடம் செய்த சோதனையில், கரைந்த சிலிக்காவுடன் அலுமினியம் கொடுத்தபோது இரத்தத்தில் அதன் உச்ச அளவு, சிலிக்கா இல்லாதபோது இருந்ததில் 15 சதவீதமே இருந்தது.

இரண்டாவது, காரீயம். மஞ்சள் தூளுக்கு நிறம் கூட்டச் சேர்க்கும் கலப்படத்திலும், பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவான பாத்திரங்களிலும் அது இருக்கக்கூடும். குழந்தையின் மூளைக்கு ஆபத்தில்லாத காரீய அளவு என்று ஒன்றும் இல்லை. குடலில் காரீயமும் சுண்ணாம்புச் சத்தும் ஒரே வாசலில் நுழையப் போட்டியிடுகின்றன. சுண்ணாம்புச் சத்து நிறைந்திருந்தால் காரீயத்துக்கு இடம் குறைகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் இரண்டு லிட்டர் பருகுவோருக்கு, ஏறக்குறைய ஒரு டம்ளர் பாலில் உள்ள அளவு கிடைக்கிறது. பால் வாங்க வசதியில்லாத நெசவாளர் வீட்டில் இது சிறிய காரியமல்ல. ஆர்.ஓ. இயந்திரம் இவ்விரண்டு தாதுக்களையும் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது.

ஆனாலும் உப்புத் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்தது நாடறிந்தது. இந்தியத் தர அளவின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம். வேறு நீரே இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டலாகாது. கடினத்தன்மைக்கு இவ்வாறே 200, 600 என்ற அளவுகள் உண்டு. இவற்றைத் தாண்டிய நீருக்குச் சுத்திகரிப்பு அவசியம். உடலில் ஏறிவிட்ட காரீயத்துக்கும் தண்ணீர் மருந்தல்ல. இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் வேண்டும்.

ஆகவே நாங்கள் சொல்லும் ஆலோசனை இதுதான். கிணற்றை ஒதுக்குமுன் நீரைப் பரிசோதியுங்கள். புளிப்புப் பதார்த்தங்களை மண்சட்டியிலோ எவர்சில்வரிலோ சமையுங்கள். அலுமினியத்தில் இரவு முழுவதும் வைக்காதீர்கள். வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாய் உறிஞ்சப்படுவதால், பிள்ளைகளைக் காலை ஆகாரம் இல்லாமல் அனுப்பாதீர்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் சுண்ணாம்புச் சத்து தருபவை. அவை எளியோருக்கும் எட்டும்.

தறியில் உழைக்கும் குடும்பங்களுக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள். இச்செய்தியை உங்கள் சபையின் தாய்மார்களுக்கும் வாசித்துக் காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.